நிற்கத் தெரியாத கிண்ணம்

ஜப்பானில் சோட்டோ மரபைச் சேர்ந்த ஜென் துறவி சாப்பிட உட்காரும்போது தன் முன்னால் ஒரு துணிமூட்டையை வைத்துக்கொள்வார். முடிச்சை அவிழ்த்தால் உள்ளே கறுப்பு மெருகேற்றிய மரக்கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். சீர்வரிசைக்கு நாம் வாங்கும் அடுக்குப் பாத்திரம் போலத்தான். கூடவே மடியில் விரிக்க ஒரு துணி, துடைக்க ஒரு துணி, மரக்கரண்டி, உண்ணும் குச்சிகள், நுனியில் துணி தைத்த மெல்லிய மரத்தகடு. மொத்தத்துக்கும் ஓர்யோகி என்று பெயர்.

இதில் பெரிய கிண்ணத்திடம் ஒரு வினோதம் உண்டு. அதற்கு நிற்கத் தெரியாது. அடிப்பாகம் உருண்டை, வைத்தால் ஆடும். அதனால் அதற்கென்று தனியாக ஒரு சிறு தாங்கி வைத்திருக்கிறார்கள். எப்போதும் உட்கார்ந்தே உண்ணும் ஒருவருக்குத் தட்டையான அடி கொண்ட கிண்ணம் செய்துகொடுப்பதில் தச்சனுக்கு என்ன சிரமம்? சிரமம் இல்லைதான். ஆனால் இந்தக் கிண்ணம் இந்தியத் தெருவில் கையில் ஏந்திப் போவதற்காகப் பிறந்தது. தரையும் மேசையும் அதன் கணக்கிலேயே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த உருண்டையை யாரும் மாற்றவில்லை.

இன்று வீட்டு உள்ளலங்காரக்காரர்கள் ‘ஜென் கிச்சன்’ என்று காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறச் சுவர், பொருளே இல்லாத கல்மேடை, மூலையில் ஒரு மூங்கில் செடி, நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கிண்ணம். அந்தப் படங்களில் அடுப்பு எரிந்து நான் பார்த்ததில்லை. மேடையில் ஒரு வெங்காயத் தோல்கூடக் கிடக்காது. ஜென்னையும் அடுக்களையையும் சேர்த்துவைத்தது எது என்று தெரிய வேண்டுமானால் சுவர் நிறத்தை விட்டுவிட்டு அந்தக் கிண்ணத்தின் பின்னால் போக வேண்டும்.

போனால் முதலில் கிடைப்பது ஒரு தடை. புத்தர் காலத்துத் துறவிக்கு அடுக்களையே கிடையாது. மூன்று உடையும் ஒரு பாத்திரமும்தான் அவர் உடைமை. உணவை மடத்துக்குள் சேமித்து வைப்பது, மடத்துக்குள் சமைப்பது, தானே சமைப்பது ஆகிய மூன்றையும் விநய விதிகள் விலக்கின. பாத்திரத்தின் பொருளுக்கும் கட்டுப்பாடு இருந்தது: இரும்பு, மண் இரண்டுக்கு மட்டுமே அனுமதி. மரம் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ராஜகிருகத்துச் செல்வர் ஒருவர் சந்தனமரத்தில் பாத்திரம் செய்து உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, சித்தி பெற்றவர் எவரோ அவர் பறந்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிண்டோல பாரத்வாஜர் என்ற துறவி பறந்துபோய் எடுத்தும்விட்டார். ஒரு மரப்பாத்திரத்துக்காகவா வித்தை காட்டினாய் என்று புத்தர் கடிந்துகொண்டு, மரப்பாத்திரத்தையே விலக்கிவிட்டார்.

அடுக்களை கூடாது, மரம் கூடாது. இந்த இரண்டு விலக்குகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே வழியில் உடையப் போகின்றன.

புத்தரின் சொந்தப் பாத்திரத்துக்கும் ஒரு பயணம் உண்டு. ஞானம் பெற்றபின் தபுஸ்ஸன், பல்லிகன் என்ற இரண்டு வணிகர்கள் உணவு கொண்டுவந்தபோது வாங்கிக்கொள்ள அவரிடம் ஏதும் இல்லை. நான்கு திசைக் காவலர்களும் ஆளுக்கொரு கல்பாத்திரம் நீட்டினார்கள். யார் மனமும் நோகாமல் நான்கையும் வாங்கி ஒன்றாக அழுத்தினார் என்பது கதை. காந்தாரச் சிற்பங்களில் இந்தக் காட்சி இருக்கிறது. கி.பி. 400 வாக்கில் இந்தியா வந்த சீனத் துறவி பாஹியான் அந்தப் பாத்திரத்தை இன்றைய பெஷாவரில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பிறகு இலங்கைக்குப் போன அவர், அங்கே ஓர் இந்தியத் துறவி அதன் வருங்காலப் பயணத்தைச் சொல்லக் கேட்டார்: கோட்டான், சீனம், சிங்களம் எனச் சுற்றிக் கடைசியில் துஷித சொர்க்கம் போய்ச் சேரும் என்று. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது பெஷாவரில் பீடம் மட்டும் இருந்தது, பாத்திரம் பாரசீகம் போய்விட்டது என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவோ, குப்ளாய் கான் அதை இலங்கையிலிருந்து வரவழைத்ததாகவும், ஒருவர் உணவை அதில் இட்டால் ஐந்து பேருக்குப் போதும் என்றும் எழுதிவைத்தார்.

ஒருவர் உணவு ஐவருக்கு ஆவது தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்காது. சாத்தனாரின் மணிமேகலையில் வரும் அமுதசுரபி ஐந்தோடு நிற்பதும் இல்லை. ஆபுத்திரனுக்கு மதுரையில் சிந்தாதேவி கொடுத்தது, மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையில் அவன் விட்டது, வைகாசி விசாகத்தன்று மேலே வருவது, ஆதிரை முதல் பிச்சை இட்டது எல்லாம் நாம் பள்ளியில் படித்தவை. நான் இங்கே எடுத்துக்காட்ட விரும்புவது அதற்கு அடுத்த காரியத்தை. மணிமேகலை அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். தெருவில் ஏந்திய பாத்திரம் ஒரு கட்டடத்துக்குள் போய், அந்தக் கட்டடம் பசித்தவர் வந்து உண்ணும் இடமாகிறது. துறவியின் பாத்திரம் உணவுச்சாலையாக மாறும் காட்சி ஜென் மடங்களுக்கு முன்பே தமிழில் நடந்துவிட்டது.

மணிமேகலை கடைசியில் போய்ச் சேர்ந்தது காஞ்சி. அதே காஞ்சியிலிருந்துதான் போதிதர்மர் சீனம் போனார் என்று பிற்காலத்து மரபு சொல்கிறது. பழைய சீனக் குறிப்புகள் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்ற அளவோடு நிற்கின்றன. சீனத்தில் அவர் பெயரால் வளர்ந்த சான் மரபில் (ஜப்பானில் இதுவே ஜென்), ஆசிரியர் தன் வாரிசுக்கு மேலங்கியும் பாத்திரமும் கொடுப்பதே பட்டாபிஷேகம். ஐந்தாம் ஆசான் ஹோங்ரென் அவற்றை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? மடத்தில் படித்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு, எட்டு மாதமாக நெல் குத்திக்கொண்டிருந்த, எழுதப்படிக்கத் தெரியாத ஹுய்நெங்குக்கு. இரவோடு இரவாக அவர் தப்பிப் போக, துரத்தி வந்தவர்களில் ஒருவர் பாறைமேல் வைத்த பாத்திரத்தையும் அங்கியையும் தூக்கப் பார்த்து முடியாமல் நின்றார் என்று கதை முடியும். உரல் கொட்டகையிலிருந்து ஆறாம் ஆசான் வந்தார் என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்வோம்.

சீனத்தில் பாத்திரத்துக்கு ஒரு நெருக்கடி வந்தது. உழைக்காமல் கையேந்துபவர்மேல் அந்தச் சமூகத்துக்கு மதிப்பு இல்லை. மடங்கள் பல மலைமேல் இருந்தன. பனிக்காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் தினமும் இறங்கி ஊருக்குள் போய்ப் பிச்சை எடுக்க முடியாது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பைசாங் என்ற ஆசான் பெயரால் துறவிகள் தாங்களே வயலில் இறங்கி உழைக்கும் வழக்கம் நிலைபெற்றது. விளைந்ததைச் சமைக்க அடுக்களை வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 1103-இல் தொகுக்கப்பட்ட சான் மடங்களின் விதிநூலில் தலைமைச் சமையல்காரர் மடத்தின் முக்கியப் பொறுப்பாளர்களில் ஒருவராகிவிட்டார். முதல் விலக்கு இங்கே உடைந்தது. ஜென் அடுக்களை என்பதே விதி மீறிக் கட்டிய அறைதான். அங்கே இவ்வளவு ஒழுங்கு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். கூடாது என்றிருந்ததை உள்ளே அனுமதித்தவர்கள், அதை எப்படி நடத்துவது என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தாக வேண்டியிருந்தது.

இந்த ஒழுங்கைக் கண்டு அசந்துபோனவர் ஓர் இளைஞர். 1223-இல் ஜப்பானியத் துறவி டோகன் சீனத்தின் நிங்போ துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தார். வயது இருபத்துமூன்று. ஆயுவாங் மலை மடத்தின் சமையல் தலைவர், அறுபதைக் கடந்த முதியவர், ஜப்பானியக் காளான் வாங்க வெகுதூரம் நடந்து அந்தக் கப்பலுக்கு வந்தார். மறுநாள் மடத்தில் நூடுல்ஸ் போட வேண்டும், அதற்குக் காளான் தேவை. இரவு தங்கிப் போகச் சொன்னார் டோகன். மறுத்தார் கிழவர். இந்த வயதில் தியானம் செய்யாமல், நூல் படிக்காமல், சமையல் வேலையில் ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்து, சாதனை என்றால் என்னவென்று இந்த வெளிநாட்டுப் பிள்ளைக்கு இன்னும் தெரியவில்லை என்றார். பிறகு தியான்டோங் மடத்தில், சுடுவெயிலில் தலையில் ஒன்றும் போடாமல் காளான் உலர்த்திக்கொண்டிருந்த இன்னொரு கிழவரையும் டோகன் பார்த்தார். ஆள் வைத்துச் செய்யலாமே என்றதற்கு, பிறர் செய்தால் நான் செய்ததாகுமா என்பது பதில்.

நான்கே ஆண்டில் ஜப்பான் திரும்பிய டோகன், 1237-இல் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். ‘டென்சோ க்யோகுன்’. டென்சோ என்பது அந்தச் சமையல் தலைவரின் பதவிப் பெயர். தத்துவ நூல் என்று எண்ணித் திறப்பவருக்கு அதில் கிடைப்பது அரிசி களையும் முறை. அரிசியைப் பார்க்கும்போதே கல்லையும் பார், கல்லைப் பொறுக்கும்போதே அரிசியையும் பார் என்கிறார். கழுநீரைச் சும்மா ஊற்றிவிடாதே, துணியில் வடிகட்டி ஒரு மணி அரிசியையும் காப்பாற்று என்கிறார். பானை, அகப்பை, குச்சி அனைத்தையும் கழுவி, மேலே இருக்க வேண்டியதை மேலேயும் கீழே இருக்க வேண்டியதைக் கீழேயும் வைக்கச் சொல்கிறார். எடுக்கும்போது எவ்வளவு மெதுவோ, வைக்கும்போதும் அவ்வளவு மெது. மறுநாள் கஞ்சிக்கு வேண்டியது முந்தின இரவே தயாராக இருக்க வேண்டும்.

இந்த மேல், கீழ் விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். அடுக்களையில் எரிச்சல் வருவது பொருள் அதிகம் இருப்பதால் என்று நினைக்கிறோம். என் கணக்கில், இடம் தீர்மானிக்கப்படாத பொருள்தான் எரிச்சல் தருகிறது. கையில் எடுத்தது திரும்ப எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருந்தால், சுவருக்கு எந்த வண்ணம் அடித்தும் பயனில்லை. கனமான கல்சட்டி தலைக்குமேல் இருந்தால் இறக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும். டோகன் சொன்னதில் அழகைப் பற்றி ஒன்றுமே இல்லை. எடையும் கையெட்டும் தூரமும்தான் இருக்கின்றன.

1244-இல் அவர் எச்சிசென் பகுதி மலையில் நிறுவிய மடம் எய்ஹெய்ஜி, இன்றைய ஃபுகுய் மாவட்டத்தில் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் ஏழு முக்கியக் கட்டடங்களில் அடுக்களையும் ஒன்று. துறவிகள் தியானம் செய்து, உண்டு, உறங்கும் மண்டபத்துக்கு நேர் எதிரில், அதற்குச் சமமான இடத்தில் அது நிற்கிறது. சுமார் நான்கு மீட்டர் நீளத்துக்கு ஒரு மர உலக்கை அங்கே தொங்கும். சாப்பாட்டு வேளையைச் சொல்ல மேக வடிவில் வார்த்த வெண்கலத் தகட்டைத் தட்டுவது ஜென் மடங்களின் வழக்கம். மேகம் மழையைக் கொண்டுவரும், அடுக்களையில் தீப்பிடிக்காது என்று அதற்கு ஒரு நம்பிக்கை. அடுக்களைக்குக் காவல்தெய்வம் இடாடென். கவசம் அணிந்த, காற்றாய் ஓடுகிற இளைஞர். இவர் நம் ஸ்கந்தன்தான், வழியில் பெயர் திரிந்திருக்கிறார் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். வேலும் மயிலும் இல்லாமல், புத்தரின் எலும்பைத் திருடிய பேயைத் துரத்திப் பிடித்த வேகம் ஒன்றையே அடையாளமாகக் கொண்டு, ஜப்பானிய அடுப்பங்கரையில் முருகன் காவல் நிற்கிறான்.

கியோட்டோவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டென்ரியூஜி மடத்துக்குள் நுழையும்போது முக்கோணக் கூரையோடு, வெள்ளைச் சுவரில் பழுப்பு மரச்சட்டங்கள் ஓடும் உயரமான கட்டடம் ஒன்றின் முன் படம் எடுத்துக்கொள்வார்கள். கோயில் என்று நினைத்துத்தான். அது மடத்தின் அடுக்களைக் கட்டடம், 1899-இல் கட்டியது. வாசலில் நுழைந்தவுடன் எதிரில் முறைத்துப் பார்க்கும் பெரிய ஓவியம் போதிதர்மருடையது.

இரண்டாவது விலக்கு ஜப்பானில் உடைந்தது. இங்கே பாத்திரம் மரமாயிற்று. மேலே பூசுவது நம் ஊர்ப் பூச்சி அரக்கு அன்று, உருஷி மரத்தைக் கீறி எடுக்கும் பால். பச்சையாகக் கைபட்டால் தோல் தடித்து அரிக்கும். எதையும் காயவைக்க நாம் வெயிலைத் தேடுவோம். உருஷி ஈரக்காற்றில்தான் இறுகும், அதற்கென்று ஈரப்பதம் காக்கும் அலமாரியில் வைப்பார்கள். இறுகியபின் கொதிக்கும் கஞ்சிக்கும் அசையாது. மரம் சூட்டைக் கைக்கு விடாது, கீழே வைத்தால் சத்தம் எழுப்பாது, தூக்கினால் கனக்காது. நூறு பேர் பேசாமல் உண்ணும் மண்டபத்துக்கு இரும்பைவிட இது எவ்வளவோ மேல். வெயிலும் உரசலும் மட்டும் அதற்கு ஆகாது.

உரசல் ஆகாது என்பதால் கழுவும் முறையும் அதற்கேற்றபடி அமைந்திருக்கிறது. 1246-இல் டோகன் உணவு உண்ணும் முறைக்கென்றே தனியாக எழுதிய விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. உண்டு முடித்ததும் யாரும் எழுந்து போவதில்லை. பரிமாறுபவர் வெந்நீர் கொண்டுவந்து பெரிய கிண்ணத்தில் ஊற்றுவார். துணி தைத்த தகட்டால் சுற்றித் தேய்த்து, அந்த நீரையே அடுத்த கிண்ணத்துக்கும், அதற்கடுத்ததற்கும் மாற்றி, ஒவ்வொன்றாகத் துடைத்து ஒன்றுக்குள் ஒன்று வைத்து, கடைசி நீரில் ஒரு பங்கைக் குடித்து மிச்சத்தை வாளியில் விடுவார்கள். அது மண்ணுக்குப் போகும். மூட்டை கட்டியாயிற்று. நூறு பேர் சாப்பிட்ட பந்தியில் தேய்ப்பதற்கென்று ஒரு கிண்ணம்கூட அடுக்களைக்குத் திரும்பி வருவதில்லை. எச்சில் பாத்திரம் குவியும் தொட்டி என்ற காட்சியே அங்கே இல்லை. அமைதியான அடுக்களை வேண்டும் என்பவர்கள் தரை ஓடு பார்க்கக் கடைக்குப் போகுமுன் இதை ஒரு நிமிடம் நினைத்துப்பார்க்கலாம்.

கிண்ணத்தின் ஒழுங்கு மடத்துக்கு வெளியே போனதில் தேநீர்க் கலைக்குப் பெரும் பங்கு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ செதுக்கிக் கொடுத்த தேநீர் மரபில், விருந்தினர் உட்காரும் அறைக்குப் பின்னால் மிசுயா என்ற சின்னத் தயாரிப்பு அறை இருக்கும். நீர் வடிவதற்கு மூங்கில் பட்டைத் தளம், மேலே சில பலகைகள், சுவரில் சில ஆணிகள். எந்த ஆணியில் எது தொங்கும், எந்தப் பலகையில் எது இருக்கும் என்பது தீர்மானமானது. புதிதாக வருபவர்கூட இருட்டில் கைவிட்டு எடுக்கலாம். உலகத்தில் மிகச் சிறிய, மிகச் சரியான அடுக்களை எது என்று கேட்டால் நான் இதைக் காட்டுவேன்.

ஆனால் சாதாரண ஜப்பானிய வீட்டில் நிலைமை வேறு. மடத்தில் சமைப்பவர் மூத்த துறவி. வீட்டில் சமைத்தவள் மருமகள். வெளிச்சமில்லாத வடக்குப் பக்கம், குளிர்ந்த மண்தரை, புகை, குனிந்த முதுகு. ஜென்னைப் பற்றிப் பேசும் அழகான நூல்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே போய்விடுகின்றன. புரட்டியவர் ஹமாகுச்சி மிஹோ, ஜப்பானில் கட்டடக் கலைஞராக உரிமம் பெற்ற முதல் பெண். ஜப்பானிய வீட்டின் நிலவுடைமைக் குணத்தைக் கேள்வி கேட்டு 1949-இல் நூல் எழுதினார். 1955-இல் அரசு வீட்டுவசதிக் கழகம் தொடங்கி அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தபோது, அவற்றின் சமையலறை அமைப்பிலும் எவர்சில்வர் கழுவுதொட்டியைக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு இருந்தது. சமைக்கும் இடம் வெளிச்சத்துக்கு வந்தது, சாப்பாட்டு மேசையோடு சேர்ந்தது. வீட்டு அடுக்களைக்கு அமைதி என்று ஒன்று வந்தது என்றால் அது இந்தத் தொட்டியோடுதான்.

அதே ஐம்பதுகளின் கடைசியில், 1959-இல், ஷுன்ரியூ சுசுகி சான் பிரான்சிஸ்கோ போனார். 1967-இல் கலிபோர்னியா மலைகளுக்குள் டாசஹாரா மடம் தொடங்கியது. அமெரிக்க இளைஞர்கள் கால் மரத்துப்போக உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து, உருண்டை அடிக் கிண்ணத்தைத் தாங்கியில் ஏற்றப் பழகினார்கள். அங்கே பெரும்பாலும் கிண்ணங்களைக் குறைத்து மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். மடத்துச் சமையல்காரர் எட்வர்ட் எஸ்பி பிரவுன் 1970-இல் எழுதிய ரொட்டிப் புத்தகம் ஜென் மடத்தின் வாசலே மிதிக்காத வீடுகளுக்குள்ளும் போனது. 1979-இல் அதே அமைப்பு சான் பிரான்சிஸ்கோவில் கிரீன்ஸ் என்ற சைவ உணவகம் திறந்தது. அங்கிருந்து உள்ளலங்காரப் பத்திரிகைகளுக்குக் கிண்ணம் போன வழி குறுகியது. வழியில் மூட்டை தொலைந்தது, வெந்நீர் தொலைந்தது, எண்ணிக்கை தொலைந்தது. கறுப்பு நிறம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

தொலைந்தவற்றை வீட்டில் மீட்க முடியுமா? ஓரளவு முடியும். வீட்டில் நான்கு பேர் என்றால் அன்றாடப் புழக்கத்துக்கு நான்கு பேருக்கான தட்டும் கிண்ணமும் மட்டும் கீழே இருக்கட்டும், விருந்தாளிக்கானவை பரணில் ஏறட்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவில் வாங்கினால் ஓர் அடி அலமாரி போதும். அலமாரியின் ஆழம் ஒரு வரிசைக்கு மேல் வேண்டாம். பின்வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் போனது மறந்துபோகும். தொட்டிக்கு நேர் மேலே நீர் வடியும் தட்டு, சாப்பிட்டவர் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்க்கும் பழக்கம். பெட்டிக்கடை போலப் பொருள்களை வெளியே காட்டும் திறந்த அலமாரி ஜப்பானியப் படங்களில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மடத்துச் சமையலில் பூண்டு, வெங்காயம் சேர்ப்பதில்லை. அவிப்பதும் கொதிக்கவைப்பதும்தான் அங்கே அதிகம். கடுகு வெடித்து எண்ணெய்ப்புகை எழும் நம் அடுப்பின் பக்கத்தில் திறந்த அலமாரி வைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் பிசுக்கேறும். அங்கே கதவு போடுவதே ஜென்.

மேடையின் உயரத்துக்கு ஜப்பானியர்களிடம் ஓர் எளிய கணக்கு இருக்கிறது: சமைப்பவரின் உயரத்தில் பாதி, அதோடு 5 செ.மீ. 157 செ.மீ. உயரமுள்ளவருக்கு 83.5 செ.மீ. வரும். அங்கே மேடைகளே 80, 85, 90 என்று அளவுவாரியாகக் கிடைக்கின்றன. இரண்டு பேர் மாறிமாறிச் சமைக்கும் வீடாக இருந்தால் உயரமானவர் கணக்குக்கு மேடையைக் கட்டிவிட்டு மற்றவருக்குக் காலடியில் ஒரு மரப்பலகை போட்டுக்கொள்ளலாம்.